நூறு புள்ளி எடுத்தவரின் வெட்கம்

நம் நாட்டுக் குடும்பங்களை ஆட்டிப் படைக்கும் சொற்களுள் 'புள்ளி' என்பதற்கு இணையான சொல் வேறொன்று இருப்பதாக நாம் அறியோம். தவணைப் பரீட்சை முடிந்து, பெறுபேறு எழுதிய அட்டை வீட்டுக்கு வந்து சேரும் நாளை நினைத்துப் பாருங்கள். தந்தையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரிவரியாகப் பார்க்கிறார். கணிதத்தில் எண்பத்தெட்டு. "மற்றப் பன்னிரண்டும் எங்கே போயிற்று?" என்பதுதான் அவர் கேட்கும் முதற் கேள்வி. அடுத்த கேள்வி, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?" என்பதாகும். பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. உள்ளேயிருந்து தாயார், "அதற்கென்ன, அடுத்த தவணையில் எடுப்பான்" என்று சமாதானம் சொல்கிறார்.

இப்படிப் புள்ளிக்கே வாழ்ந்து புள்ளிக்கே வாடும் நம் மாணவ நேயர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும், ஏராளமாகப் புள்ளிகளைக் குவித்த ஒருவரின் கதையை இவ்வாரம் சொல்லலாமென எண்ணினோம். அவர் எழுதிய பரீட்சை வகுப்பறையில் நடந்ததன்று. கூடைப்பந்து மைதானத்திலே நடந்தது. அவர் எடுத்ததும் நூற்றுக்கு நூறு அன்று. மேல் எல்லை என்று ஒன்றில்லாத ஆட்டத்தில், ஒரே இரவில், தனியொருவராக நூறு புள்ளிகள் எடுத்தார். அவர் பெயர் வில்ற் சேம்பர்லேன்.

நெடுந்தெனப் பிறந்த பிள்ளை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, 1936ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆந் திகதி, கறுப்பினக் குடும்பமொன்றில் சேம்பர்லேன் பிறந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த வீடு. தந்தையார் கைவேலை செய்து பிழைத்தவர். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பெற்றோர் இருவரும் சாதாரண உயரமுடையவர்களே. பிள்ளையோ வளர்ந்தான், வளர்ந்தான், வளர்ந்துகொண்டே போனான். முழு வளர்ச்சி அடைந்தபோது அவர் உயரம் 7 அடி 1 அங்குலம்.

உயரம் ஆட்டக்காரனுக்குச் செல்வம். ஆனால் வளரும் பையனுக்கு அது பெருஞ் சங்கடம். வீதியிலே போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பத்திரிகைக்காரர் அவருக்கு, பொய்க்காலில் நடப்பவன் என்று பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். அப்பெயரை அவர் ஆயுள் முழுவதும் வெறுத்தார். வாயில் நிலையில் இடிக்காமலிருக்கத் தலையைத் தாழ்த்தி நுழைபவர் என்ற பொருளில் நண்பர்கள் 'டிப்பர்' என்றழைத்ததையே விரும்பினார். நேயர்கள் இச் சிறு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மலைபோன்ற உடலுக்குள்ளே, பிறர் நகைப்புக்குக் கூசும் உள்ளம் ஒன்று இருந்தது. கதையின் பிற்பகுதிக்கு இது வேண்டியிருக்கும்.

ஓவர்புறூக் உயர்தரப் பாடசாலையில் படிக்கும் காலத்திலேயே அவர் புகழ் பரவிவிட்டது. 1955இல் ஒரே ஆட்டத்தில் 90 புள்ளிகள் எடுத்தார். நாட்டிலுள்ள சர்வகலாசாலைகள் பலவும் அவரை விரும்பி அழைத்தன. அவர் கன்சாஸ் சர்வகலாசாலையைத் தேர்ந்தார். 1891இல் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் பிற்காலத்தில் பணியாற்றிய இடம் அது. அங்கே சர்வகலாசாலைக் குழுவுக்காக ஆடிய முதலாட்டத்திலேயே 52 புள்ளிகள் எடுத்தார். மைதானத்தில் கரகோஷம் வானைப் பிளந்தது. ஆயினும், வெளியே சில உணவுச்சாலைகள் கறுப்பினத்தவரை ஏற்க மறுத்த காலம் அது. கைதட்டிய கைகளே கதவை அடைத்த கொடுமையையும் அவ்விளைஞர் அனுபவித்தார்.

1957இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதிப் போட்டி. கன்சாஸும் வட கரோலினாவும் மோதின. சமநிலை நீங்க மூன்று முறை நேரம் நீட்டப்பட்டது. முடிவில் வட கரோலினா 54, கன்சாஸ் 53. ஒரே புள்ளியால் தோல்வி! அப்போட்டித் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, தோற்ற பக்கத்துச் சேம்பர்லேனுக்கே கிடைத்தது. புள்ளி வேறு, வெற்றி வேறு என்ற பாடத்தின் முதல் அத்தியாயம் அது.

ஹேர்ஷியில் ஓரிரவு

கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தி, வேடிக்கை ஆட்டங்களால் உலகப் புகழ்பெற்ற ஹார்லம் குளோப்றொட்டர்ஸ் குழுவுடன் ஓராண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1959இல் அக்குழுவோடு மொஸ்கோவுக்கும் சென்றார். அதே ஆண்டில், பிறந்த ஊரின் பிலடெல்பியா வாரியர்ஸ் குழுவிலே சேர்ந்து, அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கப் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். முதற் பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 37.6 புள்ளிகள். சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் ஆகிய இரு விருதுகளும் அந்த ஓராண்டிலேயே அவர் கைக்கு வந்தன.

மூன்றாம் பருவமாகிய 1961-62ஐப் பற்றி எழுதுங்கால் நம் பேனாவே சற்றுத் தயங்குகிறது. எழுதும் எண்களை அச்சுக்கோப்போர் பிழையென்று திருத்திவிடுவார்களோ என்ற அச்சம்! 80 ஆட்டங்கள், 4,029 புள்ளிகள், சராசரி 50.4. ஓர் ஆட்டத்தின் முழு நேரம் 48 நிமிடம். அவர் ஆடிய சராசரி நேரமோ 48.5 நிமிடம். சமநிலையில் நேரம் நீட்டப்பட்ட ஆட்டங்களிலும் ஓய்வின்றி நின்றமையால் விளைந்த விந்தை இது. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் வெளியே இருந்தது, நடுவரால் வெளியேற்றப்பட்ட ஓர் ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள் மாத்திரமே.

அப்பருவத்தில்தான் 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி வந்தது. இடம், பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி என்னும் சிற்றூர். சொக்கிலேற்றுத் தொழிற்சாலையாற் பெயர் பெற்ற ஊர். எதிர்க்குழு நியூ யோர்க் நிக்ஸ். பார்க்க வந்தோர் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. அவ்விரவின் அசையும் படம் இன்று எவரிடமும் இல்லை. வானொலி வர்ணனையின் ஒரு பகுதியே எஞ்சியிருக்கிறது.

முதற் காற்பகுதியில் 23 புள்ளிகள். இடைவேளைக்குள் 41. மூன்றாங் காற்பகுதி முடிவில் 69. இப்போது கூட்டம் விழித்துக்கொண்டது. அறிவிப்பாளர் ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லச் சொல்ல, "வில்ற்றிடம் கொடு" என்ற குரல் நாற்புறமும் எழுந்தது. நிக்ஸ் குழுவினருக்கு மானப் பிரச்சினை. பந்து அவர் கைக்குப் போகாதிருக்கும் பொருட்டு, மற்ற வாரியர்ஸ் வீரர்மீது வேண்டுமென்றே தவறிழைத்தார்கள். வாரியர்ஸ் வீரர்களும் விடவில்லை. பந்தைத் திரும்பப் பெறுவதற்காகத் தாமும் நிக்ஸ் வீரர்மீது தவறிழைத்தார்கள். ஆட்டம் ஏறத்தாழக் கேலிக்கூத்தாயிற்று. ஆட்டம் முடிய 46 விநாடிகள் இருக்கையில் பந்து கூடையுள் வீழ்ந்தது. நூறு! கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147.

ஆட்டத்தின் பின் ஒரு கடதாசித் துண்டிலே '100' என்று கையால் எழுதி, அதை அவர் கையிற் கொடுத்துப் படம் பிடித்தார்கள். உலகப் புகழ்பெற்ற அப்படத்தில் பொற்கிண்ணமும் இல்லை, மலர்மாலையும் இல்லை. வியர்த்த மனிதரும் கடதாசித் துண்டுமே உள்ளன.

ஆச்சி எறி

இனிதான் நாம் சொல்லவந்த விஷயம். அந்த நூறு புள்ளிகளும் எவ்வாறு வந்தன என்று சற்றே கணக்குப் பார்ப்போம். ஆட்டத்தின் ஓட்டத்திலே அவர் எறிந்து கூடையில் வீழ்த்தியவை 36. ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளியாக 72. மிகுதி 28?

எதிரி தவறிழைத்தால், கூடைப் பலகைக்குப் பதினைந்து அடி முன்னாலுள்ள கோட்டில் நின்று, எவரும் குறுக்கே வராமல், அமைதியாகப் பந்தை எறியும் உரிமை ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும். இதனை 'பிறீ துரோ' என்பர். நாம் தடையில்லா எறி என்போம். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அன்றிரவு சேம்பர்லேனுக்குக் கிடைத்தவை 32. வீழ்த்தியவை 28.

கூடைப்பந்து அறிந்தோர் அனைவருக்கும் இதுவே அவ்விரவின் பேரதிசயம். ஏனெனில், சேம்பர்லேனுக்கு வராத வித்தை ஒன்று உண்டென்றால் அது தடையில்லா எறியே. அதற்கு முந்திய பருவத்தில் அவர் எறிந்தவற்றுட் பாதியே கூடையுள் வீழ்ந்தன. பேராற்றல் வாய்ந்த அவர், எதிரியில்லாத இடத்தில் தனியே நின்றபோது தடுமாறினார்.

அப்படியாயின் அந்தப் பருவத்தில் என்ன நிகழ்ந்தது? அவர் எறியும் முறையை மாற்றியிருந்தார். தலைக்குமேல் கையுயர்த்தி எறிவதை விட்டு, பந்தை இரு கைகளாலும் தாழப் பிடித்து, முழங்காலை மடக்கி, கால்களுக்கிடையிலிருந்து மேல்நோக்கி வீசினார். கிணற்றடியில் வாளித் தண்ணீரை வீசுவது போன்ற அசைவு. பழைய காலத்தில் பலரும் கைக்கொண்ட முறைதான். ஆயினும் அமெரிக்கர் இதனைப் பாட்டிமாரின் எறி என்று பரிகசிப்பார்கள். நம் ஊராயின் ஆச்சி எறி என்றிருப்போம்.

பெயர் எதுவாயினும், முறையிலே நியாயம் உண்டு. இரு கையும் ஒருங்கே இயங்குவதாற் பந்து பக்கவாட்டில் விலகுவது குறைவு. அது மெதுவாகப் பின்சுழன்று, உயர எழும்பி, மேலிருந்து இறங்குகிறது. கூடை வளையத்தின் குறுக்களவு 18 அங்குலம். பந்தினது ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம். மேலிருந்து இறங்கும் பந்துக்கு வாயில் அகலமாகத் திறந்திருக்கும். தட்டையாக வரும் பந்துக்கு அதே வாயில் ஒடுங்கிவிடும். விளிம்பிற் பட்டாலும், மெதுவாக வந்த பந்து துள்ளி ஓடாமல் உள்ளே விழுவதற்கு வாய்ப்பு அதிகம்.

பலன் கணக்கிலே தெரிந்தது. 1961-62இல் அவர் தடையில்லா எறிகளுள் நூற்றுக்கு 61 கூடையுள் விழுந்தன. அவர் தொழில் வாழ்வில் அதுவே உச்சம். நூறு புள்ளி இரவு அந்த ஆச்சி எறியின் கொடை என்று கூறினும் மிகையாகாது.

பின்னர் அவர் அம்முறையைக் கைவிட்டார்.

கையில் நோவு வந்ததோ? இல்லை. பயிற்சியாளர் தடுத்தாரோ? அதுவுமில்லை. 1973இல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவரே காரணத்தை ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார். அப்படிக் குனிந்து எறியும்போது, ஆண்மையற்றவனைப் போலத் தாம் தோன்றுவதாக அவருக்குக் கூச்சமாயிருந்ததாம். தாம் செய்தது தவறென்று தெரியும், அம்முறையால் எறிந்தோர் சிறந்து விளங்கினர் என்றுந் தெரியும், ஆயினும் தம்மால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். தெரிந்தே விட்டார், நேயர்களே! அறியாமையால் விட்டிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

1967-68ஆம் பருவத்தில் அவர் எறிந்தவற்றுள் நூற்றுக்கு 38 மாத்திரமே வீழ்ந்தன. தொழில் வாழ்வு முழுவதிலும் அவருக்குக் கிடைத்த தடையில்லா எறிகள் 11,862. தவறியவை 5,805. 1961-62இன் தரத்திலேயே எப்போதும் எறிந்திருப்பாரானால் ஏறக்குறைய 1,200 புள்ளிகள் கூடியிருக்கும் என்று நம் கணக்குச் சொல்கிறது.

பெரிய துறவும் சிறிய துறவும்

சேம்பர்லேன் கற்றுக்கொள்ளாத மூர்க்கர் என்று நேயர்கள் முடிவு கட்டிவிடக்கூடாது. அவர் வாழ்வில் மிகப் பெரிய மாற்றமொன்றையும் செய்துகொண்டவர் என்பதே இக்கதையின் விசித்திரம்.

அவர் புள்ளிகளைக் குவித்த ஆண்டுகளில், வெற்றிக் கிண்ணங்களைக் குவித்தவர் வேறொருவர். அவர் பொஸ்ரன் குழுவின் பில் ரசல். புள்ளி எடுப்பதில் ரசல் சேம்பர்லேனுக்கு அருகிலும் வரமாட்டார். எதிரியின் எறியைத் தடுப்பதும், துள்ளி வரும் பந்தைப் பற்றுவதும், தோழரை ஆடவைப்பதுமே அவர் தொழில். ஆயினும் பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை அவர் குழு முதன்மை பெற்றது. சேம்பர்லேன் சராசரி 50.4 எடுத்த ஆண்டிலே கூடச் சிறந்த ஆட்டக்காரர் விருது ரசலுக்கே போயிற்று. மைதானத்தில் இருவரும் எதிரிகள். வெளியிலோ நண்பர்கள். நன்றியறிதல் திருநாளன்று ரசல் பிலடெல்பியாவுக்கு வந்தால், சேம்பர்லேன் வீட்டிலேயே விருந்துண்பார்.

1965இல் சேம்பர்லேன், பிலடெல்பியாவின் செவன்ரி சிக்ஸர்ஸ் குழுவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக அமைந்த அலெக்ஸ் ஹானம், "நீர் குறைய எறியும், தோழருக்குப் பந்தைக் கொடும்" என்ற வழியைக் காட்டினார். ஏழு பருவங்கள் தொடர்ச்சியாகப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் வகித்தவரிடம், அந்த முதலிடத்தை விட்டுவிடு என்பது எளிய வார்த்தையா? சேம்பர்லேன் ஏற்றுக்கொண்டார். 1966-67இல் அவர் சராசரி 24.1 ஆக இறங்கியது. குழுவோ 81 ஆட்டங்களில் 68ஐ வென்றது. எட்டு ஆண்டுகள் இடைவிடாது முடிசூடிய பொஸ்ரனை வீழ்த்தி, முதன்மையும் பெற்றது. புள்ளியைப் பாதிக்குமேல் விட்டபோதே, புள்ளியால் வராத கிண்ணம் வந்தது. அடுத்த பருவத்தில், புள்ளிக்கு வழிசெய்து தோழருக்குப் பந்து கொடுத்த எண்ணிக்கையில் முழுச் சங்கத்திலும் முதல்வரானார்.

அந்த 1967ஆம் ஆண்டு இறுதிப் போட்டியிலே, விதி ஒரு வேடிக்கையை அமைத்து வைத்திருந்தது. எதிரே நின்றது சான் பிரான்சிஸ்கோ குழு. அதன் முதன்மை வீரர் றிக் பாரி என்னும் இளைஞர். சேம்பர்லேன் விட்டுக்கொடுத்த புள்ளி முதலிடத்தை அப்பருவத்திற் பிடித்தவர் அவரே. பாரி தடையில்லா எறிக்கு எவ்வாறு நிற்பார் தெரியுமா? பந்தைத் தாழப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஆச்சி எறியாகவே எறிவார்! சிறுவயதில் தந்தையார் அம்முறையைச் சொன்னபோது, பெண்பிள்ளைகளின் எறியென்று பாரியும் முதலில் மறுத்தவரே. பின்பு எறிந்து பார்த்தார், பலனைக் கண்டார், விடாமற் பிடித்துக்கொண்டார். சங்கப் போட்டிகளில் அவர் எறிந்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு கூடையுள் வீழ்ந்தன. இரு வீரர்களும் ஒரே மைதானத்தில், ஒரே கோட்டிலே, மாறி மாறி நின்றார்கள். ஒருவர் கூச்சத்தை வென்றவர். மற்றவரைக் கூச்சம் வென்றது.

நாம் நெடுநேரம் சிந்தித்தது இங்கேதான். தம் புகழின் உயிராகிய புள்ளியையே துறக்க முடிந்த மனிதருக்கு, ஓர் எறியின் கோலத்தைத் துறக்க ஏன் முடியவில்லை? பெரிய துறவு இயன்றவருக்குச் சிறிய துறவு இயலாதிருப்பானேன்?

நமக்குத் தோன்றும் விடை இது. புள்ளியைத் துறந்தபோது உலகம், "என்ன பெருந்தன்மை!" என்று புகழ்ந்தது. கோலத்தைத் துறந்திருந்தால் உலகம் சிரித்திருக்கும். புகழ்ச்சி கிடைக்குமிடத்தில் துறப்பது கடினமே. ஆயினும் அதற்கு ஒரு துணை உண்டு. சிரிப்புக் கிடைக்குமிடத்தில் துறப்பதற்குத் துணையே கிடையாது. பொய்க்கால் என்ற பட்டப்பெயருக்குக் கூசிய அந்தப் பிலடெல்பியாச் சிறுவன், முப்பது வயது வீரருக்குள்ளும் கூசிக்கொண்டு நின்றிருப்பான் என்றே ஊகிக்கிறோம்.

இரண்டே புள்ளி

கூச்சத்திற்கு விலை உண்டு. 1969இல் சேம்பர்லேன் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவில் இருந்தார். இறுதிப் போட்டித் தொடரின் ஏழாவது ஆட்டம். எதிரே, தம் கடைசி ஆட்டத்தை ஆடும் பில் ரசல். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் முழங்காலில் அடிபட்டுச் சேம்பர்லேன் வெளியேறினார். மீண்டும் இறங்கத் தயார் என்றபோது பயிற்சியாளர் இணங்கவில்லை. பொஸ்ரன் 108, லொஸ் ஏஞ்சலிஸ் 106. இரண்டே புள்ளி. அன்று சேம்பர்லேனுக்குக் கிடைத்த தடையில்லா எறிகள் 13. வீழ்த்தியவை 4.

தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் தவறிய அந்த ஒன்பதுள் மூன்று விழுந்திருந்தால் என்ற எண்ணம் வராமற் போகாது.

அவ்வாட்டத்தின் பின், சேம்பர்லேன் இடையில் வெளியேறியதைக் குறைகூறி ரசல் பேசிவிட்டார். அருமை நண்பர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாதிருந்தார்கள். பின்னொரு காலத்தில் ரசல் தாமாகவே மன்னிப்புக் கேட்டார். நட்பும் மீண்டது. பதினொரு கிண்ணம் வென்றவர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்பதும் ஒரு வகையில் ஆச்சி எறியே. பார்ப்பவர் என்ன நினைப்பரோ என்று எண்ணுபவருக்கு அது வராது.

சேம்பர்லேனின் கடைசி ஆண்டுகள் நல்லவையாகவே அமைந்தன. 1971-72இல் லேக்கர்ஸ் குழு தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை வென்று, முதன்மையும் பெற்றது. அப்பருவத்தில் அவர் சராசரி 14.8 புள்ளிகளே. இறுதி ஆட்டத்தில் கையில் ஏற்பட்ட காயத்தோடு ஆடி, 24 புள்ளிகள் எடுத்து, 29 முறை துள்ளி வந்த பந்தைப் பற்றினார். 1973இல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 31,419 புள்ளிகள். பதினான்கு பருவங்களில் ஓர் ஆட்டத்திலேனும், அளவுக்கு மிஞ்சித் தவறிழைத்ததற்காக அவர் நீக்கப்பட்டதில்லை. மொத்தப் புள்ளிச் சாதனையை 1984இல் கரீம் அப்துல் ஜபார் முறியடித்தார்.

ஓய்வின் பின் கரப்பந்தாட்டத்தில் ஈடுபட்டார். பெண்களின் ஓட்டப்போட்டிக் குழுவொன்றுக்கும் ஆதரவளித்தார். பெண்பிள்ளையைப் போலத் தோன்றக் கூசியவர், பெண்பிள்ளைகளின் ஓட்டத்தைக் கண்டு பெருமைப்பட்டார். காலம் மனிதரைக் கனியவைக்கும் விதம் அது. 1999ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் திகதி, தம் 63ஆவது வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இதயச் செயலிழப்பினால் காலமானார். மணம் புரியவில்லை.

நம் வீட்டுக் கோடு

நேயர்களே, பதினைந்து அடிக் கோடு ஹேர்ஷியில் மாத்திரம் இருப்பதன்று. நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் அது கீறப்பட்டிருக்கிறது. கணக்கு விளங்காத மாணவன் கையுயர்த்தி, "ஐயா, மறுபடி சொல்லுங்கள்" என்றால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஆனால் பின்வாங்கிலிருப்போர் சிரிப்பார்களே! ஆங்கிலம் பேசப் பழகும் பெண், பிழையாகப் பேசினாற்றான் சரியாகப் பேசவரும் என்பதை அறிவாள். ஆனால் தோழியர் கேலி செய்வார்களே! வாய்விட்டு உரக்கப் படித்தால் மனத்தில் நிற்கும் என்று தெரிந்தவன், விடுதியிலே மௌனமாகப் படித்து மறந்துபோகிறான். மகனுக்குக் கைத்தொழிலிலேயே நாட்டமும் திறமையும் என்று கண்ட தந்தையார், "ஊர் என்ன சொல்லும்" என்று அஞ்சி, அவனை வேறு வகுப்பிலே தள்ளுகிறார். இவர்கள் எவரும் வழி தெரியாதவர்களல்லர். வழி தெரிந்தும் கோலத்துக்குக் கூசுபவர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மற்றப் பன்னிரண்டும் எங்கே போயிற்று?" என்ற கேள்வியை நாம் தடுக்கவில்லை. கேளுங்கள். ஆனால் அதட்டிக் கேட்கும் கேள்வியாக அன்றி, தேடிப்பார்க்கும் கேள்வியாகக் கேளுங்கள். அந்தப் பன்னிரண்டில் எத்தனை அறியாமையாற் போயின, எத்தனை கூச்சத்தாற் போயின என்று பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். அறியாமைக்கு மருந்து ஆசிரியரிடம் உண்டு. கூச்சத்திற்கு மருந்து வீட்டில்தான் உண்டு. குனிந்து எறியும் பிள்ளையைப் பார்த்து முதலிற் சிரிப்பவர் நாமாக இராவிட்டால், அதுவே பாதி மருந்து. றிக் பாரிக்கு வாய்த்தது போன்ற தந்தையாக இருப்பது செலவில்லாத காரியம்.

ஹேர்ஷியில் கூடியிருந்த நாலாயிரத்துச் சொச்சம் பேர், சேம்பர்லேன் குனிந்து எறிந்த அக்கோலத்தை அன்று கண்ணாரக் கண்டார்கள். அக்கோலத்தைச் சொல்லி நகைப்பவர் இன்று எவருமில்லை. கடதாசித் துண்டில் எழுதிய நூறு மாத்திரம் நிற்கிறது.